சங்கிலியார் கவிழ்த்த இரண்டு சீட்டு

சீட்டுக்கட்டுக்குள் பட்டாவையும் புறம்போக்கையும் நுழைத்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் சங்கிலியார்தான். சந்தேகம் உள்ளவர்கள் அவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். இனி முடியாது. போன மாதம் மாற்றல் வாங்கிக்கொண்டு முதுகுளத்தூர் பக்கம் போய்விட்டார்.

சங்கிலியார் என்பது பெயரல்ல. அருப்புக்கோட்டையிலிருந்து தினமும் திருச்சுழிக்கு பஸ் ஏறிப் போய் நிலம் அளந்துவிட்டு வரும் சர்வேயர் அவர். சங்கிலி போட்டு அளந்த காலம் மலையேறி, கருவியெல்லாம் வந்துவிட்டது. பட்டப்பெயர் மட்டும் நின்றுவிட்டது. வீட்டு வாடகைப் பத்திரத்தில் அவருடைய நிஜப் பெயரை ஒருமுறை பார்த்தேன். யாரோ முன்பின் தெரியாத ஆளுடைய பெயர் போல இருந்தது.

சட்டைப்பையில் எந்நேரமும் ஓர் இஞ்ச் டேப் இருக்கும். பந்தல்குடி ரோட்டுக் கடையொன்றில் நெய்த்தோசை இலைக்கு வந்ததும் டேப்பை இழுத்து வைத்துப் பார்த்தார். "மாஸ்டர், போன வாரத்துக்கு ரெண்டு இஞ்சு கொறையுதே. எல்லைய எதும் மாத்துனீகளா?" என்றார். மாஸ்டர் இன்னொரு தோசை ஊற்றினார்.

நாங்கள் நாலு பேர் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். ஓவிய ஆசிரியனான நான், லாரி புக்கிங் ஆபீஸ் தேவசகாயம், நூல் மில்லில் சூப்பர்வைசராக இருக்கும் முருகேசன், அப்புறம் சங்கிலியார். நாலு பேருக்கும் குடும்பம் வேறு வேறு ஊரில். வீட்டில் எல்லா வசதியும் உண்டு, தண்ணீர் மட்டும் மேலே ஏறாது. ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் தெருக்குழாயில் வரும். இருபது குடம், இருபத்து மூன்று படி. யார் தூக்குவது என்ற ஒரே கேள்வியில் வீடே இரண்டாக உடைய இருந்தது.

அப்போதுதான் சங்கிலியார் செல்போனில் எதையோ பார்த்துக் கற்றுக்கொண்டு வந்து, ஒரு பை புளியங்கொட்டையை நடுக்கூடத்தில் கொட்டினார்.

"காசு வச்சு ஆடுனா போலீசு வரும். புளியங்கொட்டைக்கு எவன் வரப் போறான்? ஆளுக்கு அம்பது. ஆறு மணிக்கு எவர்கிட்ட கொறச்சலா இருக்கோ, அவுக தண்ணி தூக்கணும்."

"ரம்மியா சார்?" என்றார் தேவசகாயம் ஆசையாக.

"இது போக்கரு. ஆளுக்கு ரெண்டு சீட்டு. அது ஒங்க பட்டா, அடுத்தவன் எட்டிப் பாக்கக் கூடாது. நடுவுல அஞ்சு சீட்டு தொறந்து விழும். அது புறம்போக்கு. எல்லாருக்கும் பாத்தியம் உண்டு, எவனுக்கும் சொந்தமில்ல. ஆக மொத்தம் ஏழு. அதுல ஒசந்த அஞ்ச எவன் சேக்கானோ, நடுவுல கெடக்குற கொட்டை பூராம் அவனுக்கு."

ஐந்தும் ஒரே நேரத்தில் விழாது. முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. எதிராளி வைத்ததற்குச் சமமாக வைக்கலாம், ஏற்றலாம், பயமாக இருந்தால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். இன்னும் யாரும் எதுவும் வைக்கவில்லை என்றால் தரையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சும்மா இருக்கலாம். சீட்டுப் போடுகிறவருக்கு இடப்பக்கம் உள்ள இரண்டு பேர் மட்டும் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கொட்டை வைத்தாக வேண்டும்.

"சீட்டப் பாக்காம எப்பிடி சார் வைக்கிறது?" என்று முருகேசன் முரண்டு பிடித்தார்.

"புழுதியில வெதைக்கிறோம்ல, மழையப் பாத்துட்டா வெதைக்கிறோம்?"

முருகேசன் எம்.ரெட்டியபட்டியில் மானாவாரி நிலம் வைத்திருக்கிறவர். உடனே எண்ணி வைத்தார்.

கடைசியாக விழும் ஐந்தாவது சீட்டுக்கு வெள்ளைக்காரன் 'ரிவர்', அதாவது ஆறு என்று பெயர் வைத்திருக்கிறானாம். "நம்ம குண்டாறு மாதிரியா சார்?" என்று கேட்டேன். "அதேதான் வாத்தியாரே. வரும்னு நம்பி ஒக்காந்திருக்கணும்" என்றார்.

தேவசகாயம் முப்பது வருஷ ரம்மிக் கை. மூன்றாவது ஆட்டத்திலேயே நடுவில் கிடந்த ராஜாவை எடுத்துத் தன் கையில் செருகிக்கொண்டார். சங்கிலியார் எழுந்து நின்றுவிட்டார். புறம்போக்கு ஆக்கிரமிப்பு. ஒரு தாளில் நோட்டீஸ் எழுதி, ஏழு நாளுக்குள் பதில் தரவேண்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தேவசகாயம் நிதானமாகப் படித்துப் பார்த்தார். "சரி சார், ஏழு நாளைக்கு ராஜா எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

விதிகளில் சங்கிலியார் உயிராக நினைத்தது ஒன்று. கவிழ்த்த சீட்டு கவிழ்த்ததுதான். விலகியவன் தன் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை, அடுத்தவன் திருப்பிப் பார்க்கவும் கூடாது. பார்த்தால் தண்ணீர் தூக்க வேண்டும் என்று சுவரில் எழுதியே ஒட்டிவிட்டார்.

இவ்வளவு சட்டம் தெரிந்தவருக்கு ஆட மட்டும் வரவில்லை. நல்ல சீட்டு வந்தால் கை தானாக டேப்பை இழுத்து விட்டுவிடும். 'சர்ர்... டக்'. சத்தம் கேட்டதும் நாங்கள் மூவரும் கவிழ்த்துவிடுவோம். மூன்று ராணி சேர்ந்தும் மூன்றே கொட்டை ஜெயித்த மகான் அவர்.

இந்தச் சமயத்தில்தான் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனது. மூன்று மாதத்துக்குக் குடம் என்ன, கூஜாகூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வாத்தியாருக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாமா என்று முருகேசன் கேட்டார்.

"கூடாது. ஒருத்தருக்கு விலக்குக் குடுத்தா அடுத்த வாரம் எல்லாருக்கும் குடல் எறங்கும்" என்றார் சங்கிலியார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என்னால் முடியாது என்று சொல்ல ரோஷம் விடவில்லை. தையல் பிரிந்தாலும் பிரியட்டும் என்று உட்கார்ந்தேன். அந்த ஞாயிறு நான் தோற்கவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை, அதற்கடுத்ததும் இல்லை. மூன்று வாரமும் சங்கிலியார்தான் குடத்தோடு படியேறினார். விதிக்குப் பிறந்தவருக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். போக்கரில் எனக்குப் பிறவி ஞானம் இருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

நாலாவது ஞாயிறு சோதனை வந்தது. மணி ஆறாகப் பத்து நிமிஷம். என்னிடம் பன்னிரண்டு கொட்டை, சங்கிலியாரிடம் பதினெட்டு. மற்ற இருவரும் ஏகப்பட்டது வைத்திருந்தார்கள், தொடக்கத்திலேயே கவிழ்த்துவிட்டார்கள். நானும் அவரும் அதிலிருந்து ஆளுக்கு நாலு போட்டிருந்தோம். நடுவில் ராஜா, இரண்டு எட்டு, ஒரு மூன்று. கடைசியாக ஒரு நாலு விழுந்தது. என் கையிலும் ஒரு ராஜா. இரண்டு ஜோடி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மிச்சமிருந்த எட்டையும் நடுவில் தள்ளினேன்.

டேப் சத்தம் வரவில்லை. சங்கிலியார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என் கொட்டையைப் பார்த்தார். "நமக்கு ஒண்ணுமில்லப்பா" என்று சீட்டைக் கவிழ்த்தார். எண்ணினோம். எனக்குப் பதினாறு, அவருக்குப் பதினாலு. குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் இஞ்ச் டேப் கிடந்தது. அவ்வளவு நேரமும் அதன் மேல் உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது. சுவரில் இருந்த சட்டத்தைப் பார்த்துக்கொண்டே அவருடைய இரண்டு சீட்டையும் திருப்பினேன். எட்டு. இன்னொன்றும் எட்டு.

நாலு எட்டு. ஒரு ஆயுளில் எத்தனை தடவை வரும் அந்தச் சீட்டு?

நிமிர்ந்தால் வாசலில் சங்கிலியார், தோளில் முதல் குடத்தோடு.

"கவுத்த சீட்டப் பாத்துட்டீகளே, வாத்தியாரே."

"நாலு எட்ட எவனாவது கவுப்பானா சார்? மூணு வாரமா இதத்தான் செஞ்சீகளா?"

"அதுக்கு நான் பதில் சொல்லணும்னு விதி இல்ல. பாத்ததுக்கு அபராதம் உண்டு. தண்ணி தூக்கணும்."

"சார், பாவம், ஆபரேசன் பண்ணுன ஒடம்பு" என்றார் தேவசகாயம்.

"விலக்கெல்லாம் கெடையாது. தண்ணி தூக்கணும்னு எழுதியிருக்கு. எவ்வளவுன்னு எழுதல" என்று சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போய் இருப்பதிலேயே சின்னச் சொம்பை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

இறங்கிப் பிடித்தேன். இருபத்து மூன்று படியும் ஒவ்வொன்றாக ஏறினேன். பின்னாலேயே இரண்டாவது குடத்தோடு வந்தவர், "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மாடிக்கு வந்ததும் சொம்பை வாங்கி, டேப்பை உள்ளே விட்டு அளந்தார். "ரெண்டு இஞ்சு கொறையுது. பரவாயில்ல" என்று மடமடவென்று குடித்துவிட்டார்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அன்றைக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.