ஆடித் தள்ளுபடியில் ஒரு வீடு

கலியாணசுந்தரம் நடுங்க ஆரம்பிப்பதற்கு முன்னால் எவ்வளவு தைரியமாக இருந்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாவம், அந்தப் பெருமையாவது அவருக்கு மிஞ்சட்டும்.

ஆடி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, கான்ட்ராக்டர் பிரேம்நாத்தின் ஆபீசில், இரண்டு பெட்ரூம், ஒரு போர்டிகோ, மொட்டைமாடியில் தண்ணீர் டேங்க் என்று ஒரு வீட்டுக்கே கையெழுத்துப் போட்டார். ஆடித் தள்ளுபடி. பத்து வருஷச் சேமிப்பை அட்வான்ஸாகக் கொடுத்தாயிற்று. எல்லாம் சரி. வீட்டைக் கட்ட இடம் மட்டும் இல்லை.

சிரிக்காதீர்கள். மனுஷன் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர். கட்டம் போட்ட தாளில் முதலில் மயிலை வரைவார். அது எந்தத் தறியில் ஏறும் என்பதெல்லாம் அப்புறம். முப்பது வருஷத்தில் அவருடைய மயில் எதுவும் தறி கிடைக்காமல் நின்றதில்லை. வீடு மட்டும் நின்றுவிடுமா என்ன?

அவசரத்துக்குக் காரணம் மாமியார் காமாட்சியம்மாள். பிள்ளையார்பாளையத்தில் அந்த அம்மாவின் வீட்டை ஒட்டி ஒரு காலிமனை கிடந்தது. அங்கேயே கட்டிக்கொள்ளலாம் என்று மனைவி தையல்நாயகி எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருமுறை மாமியார் வீட்டில் பத்து நாள் தங்கியதற்கே, மாப்பிள்ளை தினம் எத்தனை டம்ளர் காபி குடிக்கிறார் என்பது தெருவுக்கே தெரிந்துபோயிற்று. ஆயுசு முழுக்க என்றால்? அதனால்தான் ரகசியமாகக் கையெழுத்து. சிநேகிதர் வேலாயுதத்துக்குத் திருமுக்கூடல் போகும் வழியில் ஒரு மனை இருந்தது. தருகிறேன் என்று வாக்கும் கொடுத்திருந்தார். அதை வாங்கிவிட்டு அப்புறம் தையல்நாயகியிடம் சொன்னால் அவளால் என்ன செய்துவிட முடியும்?

மறுவாரமே வேலாயுதம் கையை விரித்துவிட்டார். மனை இப்போதைக்கு விற்பதாக இல்லையாம். ஏன் என்று கேட்டால், மோர் குடிக்கிறாயா என்றார்.

அன்றைக்குப் பிடித்தது நடுக்கம். ஆவணி முதல் முகூர்த்தத்தில் இடத்தைக் காட்டாவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது என்று ஒப்பந்தத்தில் போட்டிருந்ததை அப்போதுதான் முழுசாகப் படித்தார். ஊரெல்லாம் அலைந்தார். கிடைத்த மனையெல்லாம் ஒன்று ஏரியில் இருந்தது, இல்லாவிட்டால் கோர்ட்டில் இருந்தது. காலிங் பெல் அடித்தால் பிரேம்நாத்தாக இருக்குமோ என்று பாத்ரூமுக்குள் புகுந்துகொண்டார். சோறு இறங்கவில்லை. வரைகிற மயிலுக்கெல்லாம் கழுத்து கோணிக்கொண்டது. தையல்நாயகி ஒன்றும் கேட்காமல் ரசத்தை ஊற்றினாள். கேட்காததுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் தாங்கமுடியாமல் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இடமே இல்லாம வீட்டுக்குக் கையெழுத்தா?" என்று மட்டும் கேட்டாள் தையல்நாயகி. "சரி, மொகத்தைக் கழுவிக்கினு வாங்க. காலைல பார்த்துக்கலாம்."

காலையில் ஆட்டோ பிள்ளையார்பாளையத்தில் போய் நின்றது. மாமியார் வீட்டுக் காலிமனையில் புல் செதுக்கி, நாலு மூலையிலும் முளை அடித்து, நூல் கட்டியிருந்தது. குருக்கள் மந்திரத்துக்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிரேம்நாத் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். கற்பூரத் தட்டோடு நின்றாள் காமாட்சியம்மாள். ராத்திரியோடு ராத்திரியாக ஆகிற வேலையா இது?

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்றார் கலியாணசுந்தரம்.

"நீங்க கையெழுத்துப் போட்ட அன்னிக்கே. துவைக்கிறதுக்கு சட்டைய எடுத்தேன், ஒப்பந்தக் காகிதம் பையில இருந்துது."

"அப்ப வேலாயுதம்..."

"நான்தான் போன் பண்ணி, மனையக் குடுத்துடாதீங்கண்ணான்னு சொன்னேன்."

கோபப்படத்தான் பார்த்தார். அட்வான்ஸ் பிழைத்துவிட்ட நிம்மதியில் அந்தப் பாழும் கோபம் எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. மாமியார் நீட்டிய செங்கல்லை வாங்கி, குருக்கள் காட்டிய இடத்தில் வைத்தார்.

"வீட்டோட மாப்பிள்ளைன்னு ஊரே சொல்லப் போவுதுடி" என்று முனகினார்.

"எப்படிங்க சொல்லுவாங்க? வீடு உங்களுது" என்றாள் தையல்நாயகி. "மண்ணுதான் எங்கம்மாவுது."