பத்துப் பையில் ஒரே மண்

என்னால் ஓர் ஊரே பட்டினி கிடந்தது என்று என் கணவர் விருந்தாளிகளிடம் சொல்வார். சுத்தப் பொய். ஊரெல்லாம் இல்லை, ஒரே ஒரு வீடுதான். அந்த ஒரு வீடுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆனேக்கல் பக்கம் ஒரு விவசாயிகள் சங்கத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்த பட்டணத்துக்காரி. ராகியைக் களியாகத் தட்டில் பார்த்ததோடு சரி. (அதையும் அம்மா திட்டினால்தான் தின்பேன்.) விதை, உரம், மண் பரிசோதனை எல்லாம் சுற்று ஊர்களுக்குச் சங்கத்தின் வழியாகத்தான் போகும். ஒரு கோடையில், மண் எடுத்து வரும் பசவராஜுக்குப் பொன்னுக்கு வீங்கி. செயலாளர் நஞ்சப்பா பத்துத் துணிப்பைகளை என் மேஜையில் வைத்தார்.

"ஒவ்வொரு நெலத்துலயும் எட்டு எடத்துல அரை அடி தோண்டணும். கலந்து ஒரு பை. பேரு எழுதிக் கட்டிடும்மா."

"அவ்ளோதானா சார்?" என்றேன், பிறந்ததிலிருந்து மண்வெட்டியோடு திரிந்தவள் மாதிரி.

அன்றைக்குப் பார்த்துப் புது ஹீல்ஸ் செருப்பு வேறு. முதல் நிலத்தில் நாலாவது குழியிலேயே கை கொப்பளித்துவிட்டது. அடுத்த நிலம் ஏரிக்கு அந்தப் பக்கம். மண் என்றால் எல்லாம் மண்தானே என்று பத்துப் பையையும் அந்த முதல் நிலத்திலேயே நிரப்பினேன். பத்துப் பேர்களையும் முத்து முத்தாக எழுதிக் கட்டிவிட்டு, மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். அந்த நிலத்தில் முந்தின வாரம்வரை ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள், புழுக்கையும் மூத்திரமும் ஊறிய மண் என்பதெல்லாம் இந்த மகாராணிக்கு எங்கே தெரியும்.

ரிசல்ட் வந்தது. பத்து நிலமும் அமோகம், எரு அதிகம் தேவையில்லை. நஞ்சப்பா சங்கத்தின் உழைப்புக்குப் பலன் என்று பூரித்துப்போனார். ஒன்பது பேர் காகிதத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டு வழக்கம்போல எரு அடித்தார்கள். முனியம்மா மட்டும்தான் நம்பினார். கணவரை இழந்தவர், மேட்டில் ஒரு துண்டு நிலம், அதில் விளையும் ராகிதான் மூன்று பிள்ளைகளுக்கும் வருஷச் சாப்பாடு. சொல்லி வைத்திருந்த இரண்டு டிராக்டர் எருவையும் வேண்டாம் என்றுவிட்டார்.

அந்த வருஷம் அவர் ராகி முழங்காலுக்குமேல் எழவில்லை. காகிதத்தோடு ஆபீசுக்கு வந்தார்.

"பேப்பர்ல தப்பிருக்காதும்மா. நான்தான் களையெடுக்க லேட் பண்ணிட்டேன் போல. இந்த வாட்டி என்ன செய்யணும்னு கேட்டு எழுதிக் குடு."

அவர் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன்.

"வெயிலா இருக்குன்னு சொல்லியிருந்தா நானே கொண்டாந்து குடுத்திருப்பேனே," என்றார். அவ்வளவுதான்.

இப்போது வீட்டில் நான் எதை அரைகுறையாகச் செய்தாலும், "பத்துப் பையும் ரெடியா?" என்று என் மகள்கூடக் கேட்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும்தான்.

அடுத்த கோடையில் முனியம்மா தானே மண்ணெடுத்துப் பையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பசவராஜ் வெளியே போயிருந்தார். "குடுங்கக்கா, நான் வெச்சுக்கறேன்" என்று கை நீட்டினேன்.

"பரவால்லம்மா, அவர் வரட்டும்," என்று பையை மடியோடு அணைத்துக்கொண்டார். அப்படியே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.