சுபைதாக்காவின் பூஜ்ஜியமும் ரேங்க் சேட்டனின் கோபமும்

கொச்சி மட்டாஞ்சேரியில் முறையாகக் கோபப்படத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். மற்ற நாங்களெல்லாம் வெறுமனே கத்துகிறவர்கள்.

எங்கள் மிளகு ஏற்றுமதி ஆபீசில் அவர் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். பாலக்காட்டுத் தமிழர், கணக்கில் எம்.எஸ்ஸி. எல்லோருக்கும் ரேங்க் சேட்டன். பரீட்சையில் வாங்கிய ரேங்க் என்று நினைத்துவிடாதீர்கள். எண்களை அடுக்கிய ஒரு கட்டத்தில் எத்தனை வரிசை சொந்தச் சரக்கு, எத்தனை மற்ற வரிசைகளைக் கலந்து செய்த நகல் என்று பார்ப்பார்களாம். சொந்தச் சரக்கின் எண்ணிக்கைக்குப் பெயர் ரேங்க். இவர் அதை மனிதர்களுக்கும் போடுவார்.

"மானேஜர் ரேங்க் ஒண்ணு. முதலாளி சொன்னதையே ரெண்டால பெருக்கிச் சொல்லுவார், அவ்வளவுதான்."

மானேஜர் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வார். வைப்பின் தீவிலிருந்து வரும் படகு தாமதமானால் அவருக்குக் கோபம். சரியான நேரத்துக்கு வந்தால், நேற்று ஏன் வரவில்லை என்று கோபம்.

மிளகை முகர்ந்து மார்க் போட எங்களிடம் எட்டுப் பேர். மூத்தவர் சுபைதாக்கா, இருபது வருஷ மூக்கு. இவர்களைச் சோதிக்க மானேஜர் வெளியிலிருந்து ஓர் ஆலோசகரைக் கூட்டிவந்தார். அவர் ஐந்து கிண்ணம் மிளகு வைத்து எட்டுப் பேரையும் மார்க் போடச் சொன்னார். பிறகு வழவழ அட்டையில் அறிக்கை வந்தது. யாருடைய மார்க் யாருடையதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று எட்டுக்கு எட்டுக் கட்டம். சுபைதாக்கா ஐந்துக்கும் ஒரே மார்க் போட்டிருக்கிறார்; அதோடு மற்ற ஏழு பேருக்கும் நேர் எதிராகப் போகிறார்; மூக்கு போய்விட்டது, வீட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவு.

அவரை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தை டைப் செய்தவன் நான். வயிறு எரிந்தது. எரிந்துகொண்டே ஒரு பிழை இல்லாமல் டைப் செய்தேன். அப்புறம் மனசு கேட்காமல் அறிக்கையை ரேங்க் சேட்டனிடம் நீட்டினேன். கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். முகம் சிவந்தது. கதவைத் தட்டாமல் மானேஜர் அறைக்குள் நுழைந்தார். நானும் பின்னால் போனேன். ஆலோசகர் உள்ளே பழம்பொரி தின்றுகொண்டிருந்தார்.

"சாரே, சுபைதாக்கா மார்க்ல ஏற்ற இறக்கம் எவ்வளவு?" என்று ஆலோசகரைக் கேட்டார்.

"பூஜ்ஜியம். அதானே பிரச்சினையே."

"அசையாம நிக்கற ஆள் மத்தவங்களுக்கு எதிரா எப்படி ஓடும்? மூலைவிட்டத்துல, அதாவது அவங்க தனக்குத்தானே சேர்ற கட்டத்துல, பூஜ்ஜியம் வந்தா அந்த வரிசை முழுக்கப் பூஜ்ஜியமாக்கும். நீங்க மைனஸ் மைனஸா எழுதி வெச்சிருக்கீங்க."

"சாஃப்ட்வேர் கொடுத்ததுங்க."

"அஞ்சு கிண்ணத்துலேந்து வர்ற கட்டத்துக்கு, சராசரியைக் கழிச்சா ஒண்ணு போயிடும், ரேங்க் நாலுக்கு மேல போகாது. உங்களுதுல எட்டு. மீதி நாலு எங்கேந்து வந்தது, உங்க பாக்கெட்டுலேந்தா?"

ஆலோசகரின் பழம்பொரி பாதியில் நின்றது. மானேஜர் விடவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். அஞ்சு மிளகுக்கும் ஒரே மார்க் போட்டது சரியா?"

ரேங்க் சேட்டன் வாசலில் நின்று குடோன் பொறுப்பாளரைக் கூப்பிட்டார்.

"வர்கீசேட்டா, அந்த அஞ்சு கிண்ணமும் எந்த மூட்டை?"

"எல்லாம் ஒரே மூட்டை. வேற மூட்டை பிரிக்க ஆர்டர் தரலியே."

எட்டு மூக்கில் சரியாக வேலை செய்தது ஒன்றே ஒன்று. அதைத்தான் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள்.

கடிதத்தை நானே கிழித்தேன். விஷயத்தைச் சொன்னபோது சுபைதாக்கா, "ஒரே மொளகுக்கு அஞ்சு மார்க் போட எனக்கு என்ன பிராந்தா, பைத்தியமா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அவரிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆலோசகருக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பினார்கள். ஆனால் கதவைத் தட்டாமல் நுழைந்ததற்கு ரேங்க் சேட்டன் மன்னிப்புக் கடிதம் தர வேண்டுமாம். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அவர் ஒரே வரி எழுதிக் கொடுத்தார்: 'கதவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.'

அடுத்த மாதமே காக்கநாட்டில் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது ஆபீஸ் நிம்மதியாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குத்தான் அந்த நிம்மதி பழக மாட்டேன் என்கிறது.