ஜனவரி ஒன்றும் பூட்டு கம்பவுண்டரும்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன்; ஐந்தும் ஓட்டை வாய். தாராவி முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் வாயை மூடத் தெரிந்தவர் ஒருவர்தான் தேறுவார்: எங்கள் சந்து முனைக் கிளினிக் கம்பவுண்டர். பட்டப்பெயர் பூட்டு.

என் சீட்டை எனக்கே காட்டமாட்டார்.

“சுகர் எம்புட்டுய்யா?”

“நீங்க யாரு?”

“காலையில என் இட்லி எட்டைத் தின்னுட்டு யாருன்னா கேக்கீரு?”

“தின்னது ரோட்டுல. இது கிளினிக். கார்டை எடுங்க ஆச்சி.”

சீட்டெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போனபோது கூடவே ஒரு பேசும் போனும் வந்தது. அந்தப் பக்கம் ஆள் கிடையாது, மிஷின்தான். பெயரும் பிறந்த நாளும் சொன்னால் ரிப்போர்ட்டை வாசித்துவிடும். டாக்டருக்கு ஒரே பெருமை. பூட்டுக்குத்தான் சோறு இறங்கவில்லை. எங்கள் சந்தில் பிறந்த நாள் யாருக்குத் தெரியும்? கார்டு எழுத வந்தவன் எல்லாருக்கும் ஜனவரி ஒன்று என்று போட்டுவிட்டுப் போயிருந்தான்!

எனக்கோ என் ரோட்டோர இட்லிக் கடைக் கவலை. “இன்னொரு தடவை சுகர் ஏறுச்சு, இட்லிக் கொப்பரை பரண்ல ஏறிரும்” என்று மூத்தவன் சொல்லியிருந்தான். அன்று காலைதான் ரத்தம் கொடுத்திருந்தேன். அவன் போன் போட்டுக் கேட்டுவிட்டால்? பூட்டிடம் ஓடினேன்.

என்னை டாக்டர் முன்னால் நிறுத்தி, தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, என் பெயரைச் சொல்லிக் கீச்சுக்குரலில் மிஷினோடு பேசினார்.

“நான் செல்லம்மா பேசுதேன். ஜனவரி ஒண்ணு.”

“வணக்கம் செல்லம்மா. உங்கள் சர்க்கரை அளவு...”

படக்கென்று வைத்தார். “பாத்தீங்களா டாக்டர்? மீச வச்ச செல்லம்மாவுக்கும் சொல்லுது!”

மிஷின் வாயை அப்போதே அடைத்தார்கள். ஆளுக்கொரு ரகசியச் சொல் வைத்த பிறகே திறப்பது என்று முடிவாயிற்று. வரிசையில் முதல் ஆள் நான். பூட்டு தன் துண்டால் கம்ப்யூட்டரை மறைத்துக்கொண்டு, “சொல்லுங்க ஆச்சி” என்றார்.

யோசித்தேன். “உம்ம நெசப் பேரு என்னய்யா?”

திருதிருவென்று விழித்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காதில் சொன்னார்.

“அதையே போடும்.”

மிஷின் மறுபடி பேசத் தொடங்கிய அன்றே மூத்தவன் போன் போட்டிருக்கிறான். சாமி பெயர், பேத்தி பெயர், கடைசியில் சாம்பார் வரை சொல்லிப் பார்த்தானாம். எல்லாவற்றுக்கும் “மன்னிக்கவும்” தானாம்.

“எம்மா, அந்தச் சொல்லு என்னம்மா?”

“கையைக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்.”

சுகர் ஏறித்தான் இருந்தது. பூட்டு வெளியே மூச்சு விடவில்லை. ஆனால் இட்லித் தட்டைத் தள்ளிவைத்தார்.

“மாத்திரையப் போடுங்க. அப்பத்தான் திம்பேன்.”

எட்டு இட்லி வியாபாரமாயிற்றே! விழுங்கினேன். சுகர் இறங்கியதும் மூத்தவனிடம் நானே சொன்னேன், தலை நிமிர்ந்து.

போன ஆடியில் பூட்டு காலமானார். சந்தே திரண்டு அழுதது, பெயர் தெரியாமல். மாதம் ஒருமுறை நான் மட்டும் மிஷினிடம் அந்தப் பெயரைச் சொல்கிறேன். உடனே திறக்கிறது.

ஏட்டி பேத்தி, நான் எழுதினது எனக்கே கண்ணுக்குத் தெரியல; எழுத்துக்கூட்டியாவது இத வாசிச்சுக் காட்டு. கை தவறி அவர் பேர எழுதிட்டேனான்னு கேட்டுக்கிடுதேன்.