மூன்று கொலையும் ஓர் உதையும்

"கொலைகாரன் செத்ததுக்கு ஜனங்க அழுறாங்கய்யா, டன்ஸ்டல்." தயாரிப்பாளர் ஆஸ்ட்ராண்டர் ஒரு கட்டு அட்டையை மேசையில் போட்டார்.

படம் வெளிவரும் முன்பே பசடீனாவில் ஓர் அரங்கில் போட்டுக் காட்டி, பார்த்தவர்களிடம் எழுதி வாங்கிய கருத்து அட்டைகள் அவை. மூன்று பேரின் கழுத்தை நெரித்தவனைத் தங்கமான மனிதன் என்று எழுதியிருந்தார்கள். துப்பறியும் கதாநாயகனை ஒருவரும் சீந்தவில்லை. வில்லன் மேல் இரக்கம் வந்தால் படத்துக்கு அனுமதி கிடையாது என்று தணிக்கை அதிகாரி பிரூவிட் ஏற்கெனவே கறாராகச் சொல்லியிருந்தார். அனுமதி இல்லையென்றால் படத்தொகுப்பாளர் ஹார்லன் டன்ஸ்டலுக்கு வேலையும் இல்லை.

டன்ஸ்டல் அசரவில்லை. இருபது வருடம் கத்தரி பிடித்த கை.

"ரெண்டு நாள் குடுங்க. அவனைப் பார்த்தாலே காறித் துப்புவாங்க."

கொலைகாரன் அம்மாவோடு தொலைபேசியில் கொஞ்சிப் பேசும் காட்சியை வெட்டி எறிந்தார். அடுத்த முறை வந்த அட்டைகள், 'பாவம், அவனுக்கென்று யாருமே இல்லையா?' என்று கேட்டன.

சரி, திருட்டு முழி முழிப்பவனை யாருக்குப் பிடிக்கும்? போலீஸ் மாடிப்படி ஏறும்போது, தவறவிட்ட சாவியைத் தேடி அவன் வியர்த்து வழிவதை நீட்டி வைத்தார். அரங்கமே நாற்காலி நுனிக்கு வந்தது. "சோபாவுக்கு அடியில பாருய்யா" என்று ஒரு பெரியவர் உரக்கவே வழி சொன்னார். சாவி கிடைத்ததும் ஒரே கைதட்டல்.

ஆஸ்ட்ராண்டர் வேறு ஆள் தேடுவதாகச் செய்தி வந்தது. டன்ஸ்டல் அப்போதும் விடவில்லை; ஒரு நாயை வரவழைத்தார். அதைக் கொலைகாரன் எட்டி உதைக்க வேண்டும். நடிகர் மாட்டவே மாட்டேன் என்றார். நாயோ அவர் காலை நக்கிக்கொண்டிருந்தது. கடைசியில் காலைத் தனியாகவும் நாய் ஓடுவதைத் தனியாகவும் எடுத்து, இரண்டையும் ஒட்டி, டன்ஸ்டல் தன் கத்தரியாலேயே அந்த உதையை உதைத்தார்.

இந்த முறை பிரூவிட்டும் வந்து உட்கார்ந்திருந்தார். உதை விழுந்ததும் அரங்கம் கொதித்தது. அட்டைகளில் 'அயோக்கியன்', 'மன்னிக்கவே முடியாது', 'இவனைத் தூக்கில் போடுங்கள்'. டன்ஸ்டல் அவற்றை விசிறிபோல் விரித்து ஆஸ்ட்ராண்டரிடம் நீட்டினார். வேலை பிழைத்தது என்ற நிம்மதியில் டன்ஸ்டலுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பிரூவிட் மூக்கைச் சிந்தியபடி அவர்களிடம் வந்தார்.

"அனுமதி கிடக்கட்டும். அந்த நல்ல மனுஷனைப் போய் நாயை உதைக்க வெச்ச அயோக்கியன் உங்கள்ல யாரு?"