அத்தானின் முழுக்கைச் சட்டை

யாராவது ஒன்றைச் சொன்னால் உடனே அதற்கு எதிரானதைச் சொல்லிவிட வேண்டும் என்று என் வாய் துடிக்கும். பிறவியிலேயே வந்த கோளாறு. டீயில் சர்க்கரை கூடிப்போச்சு என்று யாராவது சொன்னால் குறைவு என்பேன். (நான் அந்த டீயைக் குடித்தே இருக்க மாட்டேன்.) வேறு ஊராக இருந்தால் இதற்கு வைத்தியம் பார்த்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் மேடை போட்டு, மைக் கொடுத்து, சால்வையும் போர்த்தினார்கள். பட்டிமன்றம் என்று அதற்குப் பெயர்.

கீழப்பாவூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அந்த நாளில் என் விசிட்டிங் கார்டில் ‘ஜெராக்ஸ், லேமினேஷன், பட்டிமன்றப் பேச்சு’ என்று ஒரே வரிசையில் அச்சடித்திருந்தேன். கார்டைப் பார்த்துவிட்டு ஒருவர், பேச்சுக்கு ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்று கேட்டார். எனக்கு அதில் அவமானமே தோன்றவில்லை. அப்படிப்பட்ட ஆள் நான்.

நான் சொல்லப்போவது நடந்து மூன்றரை வருஷம் ஆகிறது. அந்த வருஷம் குற்றாலத்தில் சீசன் ஏமாற்றிவிட்டது. ஆனி முடியப் போகிறது, சாரலைக் காணோம். ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் பாறைதான் தெரிந்தது. வந்தவர்கள் பாறையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு பொட்டலம் சிப்ஸ்கூட வாங்காமல் திரும்பிப் போனார்கள். கூட்டம் சேர்க்க ஏதாவது செய்ய வேண்டும் என்று கடைக்காரர்கள் கூடிப் பேசி, பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் பட்டிமன்றம் ஏற்பாடு செய்தார்கள். தலைப்பு: ‘பருவநிலை மாற்றத்தால் கோடிப் பேர் சாவார்கள் என்பது உண்மையான எச்சரிக்கையே! ஊதிப் பெருக்கிய பூச்சாண்டியே!’ (குளிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில், மனசைக் குளிர்விக்க அவர்களுக்குக் கிடைத்த தலைப்பைப் பாருங்கள்.)

எனக்கு எச்சரிக்கை அணி. பத்து நாள் படித்தேன். ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடமெல்லாம் உலகம் எப்படி வெந்து சாகப் போகிறது என்று விளக்கினேன். ஒரு கிழவர் பாக்கிச் சில்லறையைக்கூட வாங்காமல் போய்விட்டார். பேசப் பேச எனக்கே அது முழுக்க உண்மை என்று பட்டது. பட்டிமன்றம் நடந்த வெள்ளிக்கிழமை மதியம் நடுவரிடமிருந்து போன் வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர்.

“தம்பி, பூச்சாண்டி அணிக்காரருக்குத் தொண்டை கட்டிட்டு. நீ அங்கிட்டு மாறிக்கிடுதியா?”

“அதுக்கென்ன சார், மாறிக்கிடுதேன்” என்றேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சாப்பிட்டு எழுவதற்குள் கோடிப் பேரையும் பிழைக்க வைத்துவிட்டேன். எங்கள் தொழிலில் அது ஒரு பெருமை.

இங்கே என் அத்தானைச் சொல்ல வேண்டும். செல்வி அக்காவின் வீட்டுக்காரர். முருகையா என்று பெயர். பதினைந்து வருஷம் கல்ஃபில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டியவர். அந்த வருஷம் தைக்குத் திரும்பி வந்துவிட்டார். கம்பெனியை மூடிவிட்டார்கள் என்றார், நம்பினோம். இடது கையில் தழும்பு இருந்தது. கம்பி குத்தி அங்கேயே ஆபரேஷன் என்றார், நம்பினோம். செவ்வாயும் வெள்ளியும் தென்காசியில் கூட்டாளியின் இரும்புக் கடைக்கு உதவிக்குப் போகிறேன் என்றார், அதையும் நம்பினோம்.

உண்மை வேறு. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன. செவ்வாயும் வெள்ளியும் அவர் போனது டயாலிசிஸுக்கு. அந்தக் கையில் ரத்தக் குழாயை இணைத்துத் தைத்திருந்தார்கள், ஊசி குத்துவதற்காக. மகள் மாலதி ப்ளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்து, சென்னையில் இன்ஜினியரிங் படிக்கக் கவுன்சலிங்குக்குக் காத்திருந்தாள். அவளுக்கு சீட் உறுதியாகி, ரயில் ஏற்றிவிடும் வரை வீட்டில் மூச்சு விடக் கூடாது என்பது அத்தானின் முடிவு. தெரிந்தால் அந்தப் பிள்ளை போகாது என்று அவருக்குத் தெரியும். இன்னும் ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் போதும்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இத்தனையையும் மறைக்க முடியுமா என்று கேட்பீர்கள். எங்கள் குடும்பத்தில் முடியும். எல்லாரும் பேசிக்கொண்டே இருப்போம், யாரும் யாரையும் பார்க்க மாட்டோம். அவர் ஊறுகாயை ஒதுக்கியபோது ‘கல்ஃப்காரர் பவுசு’ என்று கேலி செய்தவன் நான்தான். சின்ன டம்ளரில் அளந்து தண்ணீர் குடித்தபோது, குற்றாலத்துக்கு நீங்கதான் மிச்சம் பிடிச்சுக் கொடுக்கணுமா என்று கேட்டவனும் நான்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்காவையும் அத்தானையும் வற்புறுத்தி வரவழைத்து, முன் வரிசையில் இரண்டு நாற்காலி பிடித்து வைத்திருந்தேன். மாலதி வரவில்லை. மண்டபத்தில் ஃபேன் ஓடியது, காற்று வரவில்லை. பழக்கடைக்காரர்கள், எண்ணெய் மசாஜ் செய்கிறவர்கள், சிப்ஸ் போடுகிறவர்கள் என்று அருவியால் பிழைக்கிறவர்கள் அத்தனை பேரும் வேலையில்லாமல் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

எதிரணியில் கடையத்திலிருந்து ஒரு டீச்சர். நன்றாகத் தயார் செய்து வந்திருந்தார். ஒரு அறிக்கை இவ்வளவு பேர் என்கிறது, இன்னொன்று அதைவிட அதிகம் என்கிறது என்று சொல்லிவிட்டு, “இது எல்லாமே மதிப்பீடுதான், கூடலாம் குறையலாம்” என்று நேர்மையாகவும் சொன்னார். அந்த நேர்மையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

“கூடலாம் குறையலாமாம்! டீச்சர் சாவு கணக்குச் சொல்லுதாங்களா, சந்தையில மீன் விலை சொல்லுதாங்களா?”

கூட்டம் சிரித்தது. கைதட்டல் காதில் விழுந்துவிட்டால் எனக்குக் கண் தெரியாது.

“நாளைக்குச் சாவான், நாளன்னைக்குச் சாவான்னு பயம் காட்டுதாங்களே. வெயிலு ஆளைக் கொல்லுமா? நான் சாட்சி வச்சிருக்கேன். பதினஞ்சு வருஷம் கல்ஃப் வெயில்ல கம்பி கட்டுன மனுஷன். இந்தா முன்னால உக்காந்திருக்காரு, எங்க அத்தான். எந்திரிங்க அத்தான்!”

அத்தான் எழவில்லை. வேண்டாம் என்று கையை ஆட்டினார். மைத்துனன் மேடையில் கூப்பிட்டு அத்தான் எழாவிட்டால் ஊர் என்ன நினைக்கும்? பின்னால் இருந்தவர்கள் “எந்திரிங்க அண்ணாச்சி” என்றார்கள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். காலையில் நாலு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு வந்த மனுஷன். அவர் தள்ளாடியதை நான் வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

“பாத்தீங்களா! இந்தப் புழுக்கத்துலயும் முழுக்கைச் சட்டை! வெயிலு இவரைப் பாத்துப் பயந்துட்டு. சட்டையை மடக்கி அந்தக் கையக் காமிங்க அத்தான்!”

“வேண்டாம் மாப்ள.” முதல் தடவை மெதுவாகத்தான் சொன்னார். “வேண்டாம்லே.”

மேடையிலிருந்து இறங்கினேன். ஒரு கையில் மைக். இன்னொரு கையால் அவர் சட்டைக் கையைப் பிடித்து, நானே முழங்கை வரைக்கும் தூக்கிவிட்டேன்.

கயிறு போலப் புடைத்த நரம்பும், அதன் மேல் பஞ்சை வைத்து ஒட்டிய இரண்டு பிளாஸ்டரும் தெரிந்தன. ஒன்றில் ரத்தம் லேசாக ஊறியிருந்தது. கூட்டம் இன்னும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தது. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த சிப்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவருடைய அம்மாவுக்கும் அத்தான் போகும் அதே ஆஸ்பத்திரியில்தான் டயாலிசிஸாம்.

“ஏ, இது டயாலிசிஸ் ஊசில்லா. அண்ணாச்சி, உங்களைச் செவ்வாக்கிழமை அங்கன பாத்திருக்கேனே!”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். செல்வி அக்கா அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு அத்தான் முகத்தைப் பார்த்தாள். அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். என் வாய்க்குத்தான் கோளாறு ஆயிற்றே. மைக்கை வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு கேட்டேன்:

“இதுக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம்?”

பேசும் நேரம் முடிந்தது என்று அந்தச் சமயம் பார்த்து நடுவர் மணியை அடித்தார். (பழக்க தோஷம். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.)

அத்தான் என் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கினார்.

“வெயிலுதான்னு டாக்டர் சொல்லுதாரு மாப்ள. வருஷக்கணக்கா வெயில்ல தண்ணி இல்லாம வேல பாத்ததுன்னு சொல்லுதாரு. இன்னும் ரெண்டு வருஷம்ங்காரு.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆனா நான் இன்னும் சாகல. அதனால நீ சொன்னதும் சரிதான்.”

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். சிரித்தவர் உடனே தலையைக் குனிந்துகொண்டார். அக்கா எழுந்து, அத்தானின் சட்டைக் கையைக் கீழே இறக்கி, பித்தானை மாட்டினாள். இரண்டு தடவை பித்தான் நழுவியது. “வாங்க, போவோம்” என்றாள். என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் போர்த்த வைத்திருந்த சால்வையை யாரும் போர்த்தவில்லை. நான் ஐந்தருவிப் பாறை மாதிரி அங்கேயே நின்றேன்.

நாலாம் நாள் மாலதி என் கடைக்கு வந்தாள். கவுன்சலிங்குக்குக் கல்லூரிகளை விருப்ப வரிசையில் ஆன்லைனில் போட வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து போட்டுவைத்த வரிசை அது.

“கடைசியா போட்டிருக்க இந்தப் பக்கத்துக் காலேஜை முதல்ல மாத்தணும் மாமா.”

“ஏட்டி, அதுக்கு இந்த மார்க் எதுக்கு? சென்னை கிடைக்கும்ட்டி.”

“அப்பாவை ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போவா?”

“நான் போறேன்.”

“அம்மா முதல்ல உங்ககூடப் பேசட்டும்” என்றாள்.

நான்தான் மாற்றிக் கொடுத்தேன். என் விரலால்தான் அழுத்தினேன். ஆறு மாதம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்ததை, ஒரு கைதட்டலுக்காக நான் கெடுத்தேன்.

அக்கா ஏழு மாதம் பேசவில்லை. அதற்குள் எங்கள் குடும்பத்திலேயே ஒரு பட்டிமன்றம் தொடங்கியிருந்தது. டாக்டர் என்றால் ஆபத்தைக் கூட்டித்தான் சொல்வார், இரண்டு வருஷம் என்றால் இருபது வருஷம் என்று பெரியப்பா ஒரு அணி. டாக்டர் ஆபத்தைக் குறைத்துச் சொல்லியிருப்பார், எதற்கும் மனசைத் தயார்பண்ணிக்கொள்ளுங்கள் என்று சித்தி இன்னொரு அணி. நல்ல நாள், சாவு விழுந்த துஷ்டி வீடு என்று எங்கே கூடினாலும் அத்தானை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு இதையே பேசினார்கள். அவர் அளந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

ஏழாம் மாதம் அக்காவே போன் செய்தாள். “வெள்ளிக்கிழம மாலதிக்குப் பரீட்ச. அத்தானைக் கூட்டிட்டுப் போ.” அவ்வளவுதான், வைத்துவிட்டாள். அன்றையிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் என் பைக்தான். மேடை ஏறுவதை விட்டுவிட்டேன். கார்டில் மூன்றாவது தொழிலைப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

டாக்டர் சொன்ன கணக்கைத் தாண்டி ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவை மெஷினிலிருந்து இறங்கும்போதும் அத்தான் சொல்வார்: “மாப்ள, இந்தத் தடவையும் உன் அணிக்குத்தான் பாயிண்ட்.” எங்கள் வீட்டில் இதுதான் ஜோக். கல்யாண வீட்டில் யாராவது அத்தானிடம் உடம்பு எப்படி என்று கேட்டால், அக்காவே முந்திக்கொண்டு, “பூச்சாண்டி அணி முன்னால போய்க்கிட்டிருக்கு” என்பாள். கேட்டவர் முழிப்பார். நாங்கள் சிரிப்போம்.

போன வெள்ளிக்கிழமை அவருக்கு ரொம்ப முடியவில்லை. மூன்று இடத்தில் குத்திப் பார்த்துத்தான் நரம்பு கிடைத்தது. அக்கா சாப்பாட்டுப் பையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அத்தான் கண்ணை மூடிக்கொண்டே பேசினார்.

“மாப்ள, நான் போன பொறவு சர்டிபிகேட்ல மாரடைப்புன்னுதான் எழுதுவான். நீ விடாத. காரணம் வெயிலுன்னு எழுதச் சொல்லு. அந்த டீச்சர் கணக்குல நானும் ஒரு ஆளா இருந்துட்டுப் போறேன்.”

“அதெல்லாம் நல்லா சண்ட போடுவான்” என்றாள் அக்கா. “வேற எதுக்கு இவனை வச்சிருக்கோம்?” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். முந்தானை மூக்குக்குப் போனது.

அத்தான் சிரித்தார். “சண்ட போடுதேன் அத்தான்” என்று நானும் சிரித்தேன்.

தினமும் அந்த இறப்புச் சான்றிதழை நாலு பேருக்காவது ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன். பெயர், தேதி, இடம் எல்லாம் அதில் இருக்கும். எதனால் செத்தார் என்று எழுத அந்தத் தாளில் இடமே கிடையாது. அத்தானிடம் நான் அதைச் சொல்லவில்லை.