மூடிக்கு ஒரு விற்பனை

அதிகம் படித்த ஒருத்தியால் ஒரு கடை என்ன பாடுபடும் என்பதற்கு நானே சாட்சி. போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, சோடா மூடி ஒன்று தகர டப்பாவில் ‘டிங்’ என்று விழுந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது.

மஸ்ஜித் தானா சாலையில் அப்பாவுக்குச் சோடாக் கடை. பெயர்ப் பலகையும் ஐஸ்பெட்டியும் மலாக்கா டவுனில் உள்ள ஒரு கம்பெனி கொடுத்தவை. பதிலுக்கு மாதாமாதம் ‘மொத்த விற்பனை’யில் நூற்றுக்குப் பத்து கட்ட வேண்டும். எது மொத்த விற்பனை என்று மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை. உடைந்த போத்தல் சேருமா, கடனுக்குக் குடித்தது சேருமா என்று மாதக் கடைசியில் அப்பாவும் கம்பெனி கிளார்க் நல்லதம்பியும் மல்லுக்கு நிற்பார்கள்.

மலாயாவில் எமர்ஜென்சி இன்னும் முடிந்தபாடில்லை. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்குப் போய்விடக் கூடாதென்று, மூடி திறக்காத போத்தல் கடையைத் தாண்டக் கூடாது. “புக்கா லா!” என்று வாசலில் நின்ற மாத்தா (போலீஸ்காரரை அப்படித்தான் சொல்வோம்) அதட்ட, அப்பா திறந்தார். டிங்! எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. எல்லாப் போத்தலும் இங்கேதானே திறக்கிறது? மூடியை எண்ணினால் போதுமே!

சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவள் சும்மா இருப்பேனா? “திறந்த மூடி ஒவ்வொன்றும் ஒரு விற்பனை” என்று மூன்று பிரதி எழுதினேன்.

“உமக்கு நல்ல மூளை, பிள்ளை,” என்று யாழ்ப்பாணத்துக்காரரான நல்லதம்பி உடனே கையெழுத்துப் போட்டார்.

“எல்லாத்தையும் யோசிச்சியாம்மா?” என்றார் அப்பா.

“யோசிச்சாச்சுப்பா, போடுங்க லா!”

(யோசித்தது மூடியை மட்டும்.)

அடுத்த வாரம் மாரியம்மன் திருவிழா. சின்ன வயதில் எனக்கு வந்த காய்ச்சல் இறங்கியதற்கு நேர்த்திக்கடனாக, காவடி எடுப்பவர்களுக்கு அப்பா வருஷா வருஷம் நீர்மோர் கொடுப்பார். ஐஸ்பெட்டி வந்த பெருமையில் இந்தத் தடவை சோடா. இருட்டினால் ஊரடங்கு என்பதால் ஊர்வலம் மண்டை பிளக்கும் வெயிலில் வந்தது. காவடிக்காரர்கள், பின்னால் வந்த தோட்டத்து ஜனங்கள், காவலுக்கு வந்த மாத்தாக்கள், எல்லாரும் குடித்தார்கள். நான்? அத்தனை பேர் காலடியிலும் தவழ்ந்து, ஒரு மூடி விடாமல் பொறுக்கித் துடைத்துத் தகரத்தில் போட்டேன். ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்!

மாதக் கடைசியில் நல்லதம்பி மூன்று தகரத்தையும் எண்ணிவிட்டு, அத்தனைக்கும் கமிஷன் கேட்டார்.

அப்பா பதறினார். “அது சாமிக்குக் குடுத்ததுங்க! ஒரு காசு வாங்கல.”

“ஒப்பந்தத்தில சாமி இல்லை ஐயா, மூடிதான் கிடக்கு. எழுதினது உங்கட மகள்தானே?”

“நேர்த்திக்கடனுக்குக் கமிஷனா? செத்தாலும் குடுக்க மாட்டேன்.”

“அப்ப ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிடுவினம்.”

தூக்கிக்கொண்டு போனார்கள். லாரி தெருமுனை திரும்பும்வரை அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். அன்றிலிருந்து எங்கள் கடைக்கு வருகிறவர்கள் ஐஸ் இல்லாத சோடாவை ஊதி ஊதிக் குடித்துக் காட்டுகிறார்கள். வீட்டில் யாருக்காவது ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலும் அம்மா, “பானை மூடியை ஒளிச்சு வையுங்க, மக பாத்தா வித்ததாயிடும்” என்கிறாள்.

ஆனால் இப்போது சரியான வாசகம் கிடைத்துவிட்டது: “காசு கைக்கு வந்ததே விற்பனை, உடைந்தது, கடனாய் நிற்பது, சாமிக்குக் கொடுத்தது சேராது.” திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் மலாக்கா போய் ஐஸ்பெட்டியைத் திருப்பிக் கேட்கப் போகிறேன். அப்பாவும் கூட வருகிறார். பேசுவதற்கு அல்ல, அங்கே இருக்கும்வரை என் பேனா அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டுமாம்.